நடு வீட்டின் வருமானம்

ஒரு பிரதேசத்தின் ஜனங்கள் முன்னேறியிருக்கிறார்களா, பின்னடைந்திருக்கிறார்களா என்ற கேள்வி எழும்போதெல்லாம், மேடை ஏறுவோர் அனைவரும் ஏதேனும் ஓர் எண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறுகிறார்கள். "எங்கள் ஆட்சியில் குடிகளின் வருமானம் இத்தனை மடங்கு பெருகிற்று" என்கிறார் ஒருவர். "இல்லை, குடிகள் கும்பி காய்கிறார்கள்" என்கிறார் மற்றொருவர். இருவரும் காட்டுவது சில சமயங்களில் ஒரே எண்ணாகவும் இருக்கும். அந்த எண் எங்கே பிறந்தது, யார் வீட்டுக் கதவைத் தட்டி அதைக் கேட்டு வந்தார்கள், எத்தனை வீடுகளில் கேட்டார்கள் என்று விசாரிப்பார் மிகச் சிலரே. பொது ஊழியத்தில் ஈடுபட்ட நமது நேயர்கள் அந்தச் சிலருள் சேரவேண்டும் என்பது நமது விருப்பம்.

இந்த விஷயத்தைப் பரிசீலிக்க, கணக்கெடுப்பில் மிகுந்த பணமும் சாமர்த்தியமும் செலவிடும் அமெரிக்க ஐக்கிய நாடுகளையே எடுத்துக்கொள்வோம். அங்கே ஒவ்வொரு ராஜ்யமும் 'கவுண்டி' என்னும் சிறு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. தேசம் முழுவதிலும் இவை மூவாயிரத்துக்கு மேல். சிலவற்றில் லட்சக்கணக்கான ஜனங்கள் வசிக்கிறார்கள். வேறு சிலவற்றிலோ நமது நடுத்தரக் கிராமம் ஒன்றின் ஜனத்தொகைகூட இல்லை. நாட்டுப்புறக் கவுண்டி ஒன்றில் குடித்தன வருமானம் காலப்போக்கில் ஏறிற்றா இறங்கிற்றா என்று கண்டறிவது, அத்தனை வசதி படைத்த அந்தத் தேசத்திலேயே எவ்வளவு கடினமான காரியம் என்பதைப் பார்த்தால், நமது நாட்டு எண்களை எப்படிப் படிக்கவேண்டும் என்பதும் விளங்கும்.

கென்டக்கி ராஜ்யத்தின் கிழக்கே, அப்பலாச்சிய மலைப்பிரதேசத்தில், ஔஸ்லி என்றொரு கவுண்டி இருக்கிறது. 2000-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி அங்கே இருந்தவர்கள் 4,858 பேர், குடித்தனங்கள் 1,894. அந்தக் கணக்கில் 1999-ம் வருஷ வருமானம் விசாரிக்கப்பட்டது. நடுக் குடித்தனத்தின் வருமானம் 15,805 டாலர் என்று கண்டார்கள். தேசம் முழுமைக்கும் அதே வருஷத்து நடு வருமானம் 41,994 டாலர். அதாவது, தேசத்தின் நடு வீட்டுக்கு வந்த வரும்படியில் ஐந்தில் இரண்டு பங்குகூட ஔஸ்லியின் நடு வீட்டுக்கு வரவில்லை. செல்வத்தில் உலகத்துக்கே முதன்மை என்று பெயர் பெற்ற நாட்டின் நடுவே இப்படியும் ஓர் இடம்.

சராசரி வேறு, நடு வேறு

'நடு வருமானம்' என்று நாம் சொல்வதைக் கணித சாஸ்திரிகள் 'மீடியன்' என்பார்கள். இது சராசரி அன்று. ஊரிலுள்ள குடித்தனங்களையெல்லாம் வருமான வரிசைப்படி நிறுத்தினால், சரியாக நடுவில் நிற்கும் வீட்டின் வருமானமே நடு வருமானம். அதற்குக் கீழே பாதி வீடுகள். மேலே பாதி வீடுகள்.

ஐந்து வீடுகள் கொண்ட ஒரு தெருவை உதாரணமாகக் கொள்வோம். நான்கு வீடுகளின் மாத வருமானம் முறையே 8,000, 10,000, 12,000, 15,000 ரூபாய். ஐந்தாவது வீடு மிராசுதாருடையது. அதற்கு 2,05,000 ரூபாய். சராசரி பார்த்தால் வீட்டுக்கு 50,000 ரூபாய் ஆகிறது. அந்தத் தெருவில் ஐம்பதினாயிரம் வாங்குகிற வீடு ஒன்றுகூடக் கிடையாது! நடு வருமானமோ 12,000 ரூபாய். மறு வருஷம் மிராசுதாரின் வருமானம் மட்டும் இரட்டித்தால் சராசரி 91,000 ரூபாயாகக் குதித்துவிடும்; நடு வருமானம் இம்மியும் அசையாது. ஜனங்களின் நிலைமையை அறிய விரும்புவோர் நடு வருமானத்தை ஏன் கேட்கவேண்டும் என்பது இதனால் விளங்கும்.

இந்தச் சண்டை நமக்குப் புதிதன்று. இந்தியரின் வருமானம் தலைக்கு வருஷத்துக்கு 20 ரூபாய் என்று தாதாபாய் நௌரோஜி கணக்கிட்டுக் காட்டினார். 1901-ல் கர்ஸன் பிரபு 30 ரூபாய் என்று சொல்லி, நாடு செழித்து வருகிறதென்று வாதித்தார். இரண்டும் சராசரிகளே. அந்தச் சராசரிக்குள் ஜமீன்தாரும் இருந்தார், பெரிய வர்த்தகரும் இருந்தார், அரை வயிற்றுக் கஞ்சிக்காரனும் இருந்தான். நடுவில் நின்ற குடியானவனுக்குக் கிடைத்தது என்ன என்று சொல்லும் கணக்கு அன்று எவரிடமும் இல்லை.

ஆயினும் நடு வருமானத்துக்கும் ஒரு குறை உண்டு. மேற்சொன்ன தெருவில் 8,000 ரூபாய் வீடு 4,000 ரூபாய்க்கு வீழ்ந்தாலும் நடு எண் அசையாது. கடைக்கோடி ஏழையின் துயரத்தை அறிய வேறு கணக்குகள் வேண்டும். நடு எண்ணை மட்டும் காட்டி 'வறுமை ஒழிந்தது' என்று சொல்பவரையும் நாம் நம்பலாகாது.

எத்தனை கதவுகள் தட்டப்பட்டன?

அமெரிக்க ஜனத்தொகைக் கணக்கில் வருமானத்தைப் பற்றிய கேள்வி முதன்முதலாக 1940-ல் கேட்கப்பட்டது. அன்று கூலியையும் சம்பளத்தையும் மட்டுமே தொகையாகக் கேட்டார்கள். வேறு வழியில் ஐம்பது டாலரோ அதற்கு மேலோ வந்ததா என்பதற்கு 'ஆம்', 'இல்லை' என்ற பதில் போதுமானதாயிருந்தது. சொந்த நிலத்தை உழுது பிழைத்த குடியானவனின் வருமானம் அந்தக் கணக்கில் எப்படி அடங்கும்? ஆகவே 1940-ஐயும் அதற்குப் பின் வந்த கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது பிசகு.

பின்னர், 2000 வரையில், பத்து வருஷத்துக்கு ஒரு முறை, குடித்தனங்களில் ஒரு பகுதிக்கு நீண்ட கேள்வித்தாள் கொடுக்கப்பட்டு வந்தது. 2000-ல் ஏறக்குறைய ஆறு வீட்டுக்கு ஒரு வீடு இந்தத் தாளைப் பெற்றது. சிற்றூர்களில் இன்னும் நெருக்கமாகக் கேட்டார்கள். ஔஸ்லியின் 15,805 டாலர் அப்படிப் பிறந்த எண். அதன் பலம், கேட்ட வீடுகளின் தொகை. அதன் பலவீனம், அடுத்த எண்ணுக்குப் பத்து வருஷம் காத்திருக்கவேண்டும் என்பது. அந்தப் பத்து வருஷத்தில் ஒரு சுரங்கம் மூடப்படலாம். புகையிலை விலை வீழலாம். இளைஞர் பாதிப்பேர் ஊரைவிட்டே போய்விடலாம்.

இந்தக் குறையை நீக்கவே 2005 முதல் 'அமெரிக்கச் சமூக ஆய்வு' என்ற ஏற்பாடு முழு அளவில் நடைபெற்று வருகிறது. 2011 முதல் வருஷந்தோறும் சுமார் 35 லட்சம் விலாசங்களுக்குக் கேள்விகள் போகின்றன. 35 லட்சம் என்றால் மலைப்பாகத் தோன்றும். ஆனால் அது மூவாயிரத்துச் சொச்சம் கவுண்டிகளுக்கும் பங்கிடப்படுகிறது. தேசத்தில் உள்ள வீடுகளைக் கணக்கிட்டால் நாற்பதுக்கு ஒன்று என்று ஆகிறது. ஔஸ்லியைப் போல் 1,900 வீடுகள் உள்ள இடத்தில் இந்த விகிதப்படி வருஷத்துக்கு ஐம்பது வீடுகூடத் தேறாது. சிறு இடங்களில் விகிதத்தைக் கூட்டுகிறார்கள் என்பது வாஸ்தவம். ஆயினும் ஒரு வருஷத்துப் பதில்களை மட்டும் கொண்டு ஒரு கவுண்டியின் நிலைமையைச் சொல்ல அவை போதா.

ஆகையால் 65,000 ஜனங்களுக்குக் குறைந்த இடங்களுக்கு வழக்கமான ஒரு வருஷத்து எண்களை அந்த ஆய்வில் வெளியிடுவதில்லை. ஐந்து வருஷத்துப் பதில்களைச் சேர்த்து ஓர் எண் தருகிறார்கள். முதல் ஐந்து வருஷத் தொகுப்பு 2005 முதல் 2009 வரைக்கானது. 2010 டிஸம்பரில் வெளிவந்தது. நாட்டுப்புறக் கவுண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த ஆய்வு தரும் எண் இது ஒன்றே.

பிழை வரம்பு என்னும் காவற்காரன்

அந்த ஆய்வை நடத்துவோர் ஒரு நல்ல வழக்கத்தைக் கைக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் அதன் பிழை வரம்பையும் அச்சிடுகிறார்கள். '30,000 டாலர், கூடவோ குறையவோ 5,000' என்று எழுதியிருந்தால், உண்மை 25,000-க்கும் 35,000-க்கும் இடையே இருக்கும் என்று நூற்றுக்குத் தொண்ணூறு அளவு நம்பிக்கையுடன் சொல்லலாம் என்பது பொருள்.

இப்பொழுது ஒரு கற்பனைக் கவுண்டியை எடுத்துக்கொள்வோம். முதல் ஐந்து வருஷத்தில் 30,000, வரம்பு 5,000. அடுத்த ஐந்து வருஷத்தில் 34,000, வரம்பு 6,000. நாலாயிரம் உயர்ந்துவிட்டது என்று உள்ளூர்ப் பிரமுகர் மாலை போட்டுக்கொள்ளப் புறப்படுவார். ஆனால் இரண்டு எண்களின் வித்தியாசத்துக்கும் ஒரு பிழை வரம்பு உண்டு. இரு வரம்புகளையும் தனித்தனியே வர்க்கம் செய்து, கூட்டி, வர்க்க மூலம் கண்டால் அது கிடைக்கும். இங்கே அது சுமார் 7,800. வித்தியாசமோ 4,000. ஆகவே உயர்ந்தது என்று சொல்ல ருசு இல்லை. தாழ்ந்தது என்று சொல்லவும் ருசு இல்லை. 'தெரியவில்லை' என்பதே நேர்மையான பதில். அந்தப் பதிலை மேடையில் சொல்லத் துணிவு வேண்டும்.

சிறு எண்ணிக்கையின் விபரீதத்துக்கு டெக்ஸாஸ் ராஜ்யத்தின் லவிங் கவுண்டி ஒரு சாட்சி. அங்கே 2000-ல் 67 பேர். 2010-ல் 82 பேர். 2020-ல் 64 பேர். 2000-ல் குடித்தனங்கள் 31 மட்டுமே. இரண்டு குடித்தனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வேறிடம் போனாலே நடு வருமானம் இடம் மாறிவிடும்.

காலத்தை ஒப்பிடும் முறை

ஐந்து வருஷத் தொகுப்புகளை ஒப்பிடுவதில் பலரும் விழுகிற குழி ஒன்று உண்டு. 2015–2019 தொகுப்பையும் 2016–2020 தொகுப்பையும் ஒப்பிட்டு 'ஒரு வருஷத்தில் இவ்வளவு மாறிற்று' என்பார்கள். இரண்டிலும் நான்கு வருஷங்கள் பொது. ஒரே பதில்களே இரண்டிலும் இருக்கின்றன. ஒன்றின்மேல் ஒன்று படியாத தொகுப்புகளை, அதாவது 2010–2014-ஐ 2015–2019-டன், ஒப்பிடுவதே முறை.

அன்றியும், ஐந்து வருஷங்களைக் கலந்தால் திடீர் மாறுதல்கள் கரைந்துபோகின்றன. வடக்கு டக்கோட்டா ராஜ்யத்தின் மக்கென்ஸி கவுண்டியில் எண்ணெய் பொங்கியது. 2010-ல் 6,360 ஆக இருந்த ஜனத்தொகை 2020-ல் 14,704 ஆயிற்று. இத்தகைய இடத்தில் ஐந்து வருஷத்துத் தொகுப்பு, பழைய காலத்தையும் புதிய காலத்தையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டியதற்கு ஒப்பாகும். வந்து குடியேறிய எண்ணெய்த் தொழிலாளரின் சம்பளம் நடு வருமானத்தை உயர்த்தலாம். பழங்குடியான விவசாயியின் வருமானம் உயர்ந்ததா என்பதற்கு அது பதிலாகாது. நடு வருமானம் அந்தந்தக் காலத்தில் அங்கே வசிப்பவரைப் பற்றியது. ஒரே மனிதரைப் பின்தொடர்ந்து போவதன்று. ஔஸ்லியில் இதற்கு நேர்மாறு: 2000-ல் 4,858 ஆக இருந்த ஜனத்தொகை 2020-ல் 4,051 ஆகக் குறைந்தது. வெளியேறியவர் வேற்றூரில் நன்றாகச் சம்பாதித்தாலும் அது அவ்வூர்க் கணக்கில் வராது.

விலைவாசியையும் மறக்கலாகாது. 1999-ல் 15,805 டாலருக்கு வாங்கிய சாமான்களை 2023-ல் வாங்க, அமெரிக்க நுகர்வோர் விலைக் குறியீட்டின்படி, சுமார் 28,900 டாலர் வேண்டும். ஆகவே ஔஸ்லியின் நடு வருமானம் 28,900 டாலரைத் தொட்டால், குடிகள் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள் என்றுதான் பொருள். 'பதின்மூவாயிரம் உயர்ந்தது' என்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் மெய்யும் சொல்லவில்லை.

குடித்தனம் வேறு, குடும்பம் வேறு என்பதும் கவனிக்கத்தக்கது. அமெரிக்கக் கணக்கில் உறவினர் இருவரோ அதற்கு மேற்பட்டவரோ சேர்ந்து வாழ்ந்தால்தான் குடும்பம். தனியாக வசிக்கும் விதவைக் கிழவியும் ஒரு குடித்தனம். ஆனால் குடும்பம் அல்ல. அதே ஔஸ்லியில், அதே 1999-ல், குடும்பத்தின் நடு வருமானம் 18,034 டாலர். ஒரு வருஷத்துக் குடித்தன எண்ணையும் மற்றொரு வருஷத்துக் குடும்ப எண்ணையும் சேர்த்துப் பார்த்தால், நடவாத முன்னேற்றம் நடந்ததாகத் தோன்றும்.

மற்றொரு வழி

ஐந்து வருஷம் காத்திராமல் வருஷந்தோறும் ஓர் எண் வேண்டுமானால் என் செய்வது? 1994-ல் இயற்றப்பட்ட கல்விச் சட்டம் ஒன்று, ஏழைக் குழந்தைகள் படிக்கும் பள்ளிகளுக்கான மத்திய மானியத்தைப் பங்கிடப் புதிய வறுமைக் கணக்கு வேண்டும் என்றது. அதன்பொருட்டு ஜனத்தொகைக் கணக்கு இலாகா 'சிறு பிரதேச வருமான, வறுமை மதிப்பீடு' என்பதை ஏற்படுத்தியது. அதன் முதல் எண்கள் 1993-ம் வருஷத்து வருமானத்துக்கானவை. இதில் வீடு வீடாகக் கேட்ட பதில்களோடு, வருமான வரிக் கணக்குகளையும், சர்க்கார் உணவு உதவி பெறுவோர் தொகையையும் சேர்த்து, கணிதச் சூத்திரம் ஒன்றினால் ஒவ்வொரு கவுண்டிக்கும் ஆண்டு மதிப்பீடு செய்கிறார்கள்.

இது கெட்டிக்கார ஏற்பாடு. ஆயினும் இது கேட்டறிந்த எண் மட்டுமன்று. ஊகமும் கலந்த எண். கவுண்டி சிறியதாக ஆக, கேட்ட பதிலின் பங்கு குறைந்து சூத்திரத்தின் பங்கு மிகும். மற்ற இடங்களைப் போல் அல்லாத விசித்திரமான ஊர் ஒன்று இருந்தால், சூத்திரம் அதையும் மற்றவற்றின் பக்கமாக இழுத்துவிடக் கூடும். வழிகள் இரண்டையும் ஒன்றோடொன்று சரிபார்ப்பதே விவேகம். ஒரு வருஷம் ஒன்றையும் மறு வருஷம் மற்றொன்றையும் எடுத்துக் கோடு வரைவது அவிவேகம்.

கேளாமல் விட்டால்

இவ்வளவு குறைபாடுள்ள கணக்கு எதற்கு, எறிந்துவிடலாமே என்று சிலர் கேட்கலாம். கேட்டும் இருக்கிறார்கள். 2012-ல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை, மேற்படி ஆய்வுக்குப் பணமே கொடுக்கக் கூடாதென்று வாக்களித்தது, அது சட்டமாகவில்லை. கனடாவிலோ 2010-ல் சர்க்கார் கட்டாய நீண்ட கேள்வித்தாளை எடுத்துவிட்டு, விரும்பியவர் பதில் சொல்லலாம் என்று ஆக்கிற்று. அதைக் கண்டு தலைமைப் புள்ளிவிவர அதிகாரி முனீர் ஷேக் ராஜினாமா செய்தார். விளைவு என்ன? 2011-ம் வருஷத்து ஆய்வில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சிற்றூர்களுக்கும் சிறு பிரதேசங்களுக்கும் போதிய பதில் வராமையால் எண்களே வெளியிடப்படவில்லை. பட்டணங்கள் கணக்கில் இருந்தன. நாட்டுப்புறம் கணக்கிலிருந்து மறைந்தது. 2015-ல் வந்த புதிய சர்க்கார் கட்டாயத் தாளை மீண்டும் கொண்டுவந்தது.

கணக்கை அழித்தால் வறுமை அழிவதில்லை. வறுமைக்குச் சாட்சி அழிகிறது. எண் இல்லாத ஊருக்கு மானியம் இல்லை. அதன் சார்பில் வாதாடப் பிரதிநிதிக்கு ஆயுதமும் இல்லை.

நமது நாட்டைச் சற்று நோக்குவோம். 2017–18-ல் எடுக்கப்பட்ட குடித்தனச் செலவு ஆய்வின் முடிவுகளை, தரத்தில் குறை உண்டென்று சொல்லி, 2019-ல் சர்க்கார் வெளியிடாமல் நிறுத்திக்கொண்டது. வருமானத்தை நேராகக் கேட்கும் முயற்சி 1950-களிலும் 1960-களிலும் சோதனையாகச் செய்யப்பட்டது. ஜனங்கள் சொன்ன வருமானம், அவர்கள் சொன்ன செலவையும் சேமிப்பையும் விடக் குறைவாக வந்ததால் அது தொடரப்படவில்லை. தேசம் முழுமைக்கும் குடித்தன வருமான ஆய்வு ஒன்றை 2026-ல் நடத்துவதாக 2025-ல் அறிவித்தார்கள். விவசாயக் குடித்தனங்களுக்கு மட்டும் தனி ஆய்வு உண்டு. 2012–13-ல் மாதம் 6,426 ரூபாய் என்றும், 2018–19-ல் 10,218 ரூபாய் என்றும் அது கூறிற்று. இவை சராசரிகள்; நடு வருமானம் அல்ல. விலைவாசி ஏற்றமும் கழிக்கப்படவில்லை. பின்னதில் பயிரினால் வந்தது 3,798 ரூபாய். கூலியினால் வந்தது 4,063 ரூபாய். 'விவசாயி' என்று நாம் அழைப்பவன் பயிரைவிடக் கூலியினால் அதிகம் பிழைக்கிறான் என்ற செய்தி, மொத்தத் தொகையை மட்டும் முழங்குபவர் வாயிலிருந்து வராது.

ஆகவே வருமானம் உயர்ந்தது என்று யாரேனும், அவர் நம் கட்சியினரேயாயினும், சொல்லும்போது ஐந்து கேள்விகள் கேளுங்கள். இது சராசரியா, நடு எண்ணா? குடித்தனத்துக்கா, குடும்பத்துக்கா, தலைக்கா? எத்தனை வீடுகளில் கேட்டது, பிழை வரம்பு என்ன? விலைவாசி கழித்தாயிற்றா? அன்று அங்கே இருந்தவர்தாம் இன்றும் இருக்கிறார்களா? இந்த ஐந்துக்கும் பதில் சொல்ல இயலாதவரின் எண்ணை நம்பி ஆரவாரம் செய்யவும் வேண்டாம்; அழவும் வேண்டாம்.

அதே சமயம், கணக்கெடுப்பவர் நமது கிராமத்துக்கு வரும்போது, வரி போடுவார்களோ, ரேஷன் கார்டைப் பறிப்பார்களோ என்று அஞ்சிக் கதவைச் சாத்துபவரிடம் போய்ப் பேசுவதும் நமது ஊழியர்களின் கடமை. உள்ளதை உள்ளபடி சொல்லச் சொல்லுங்கள். நடு வீடு எது என்பது ஊரில் ஒவ்வொரு வீடும் வரிசையில் வந்து நின்றால்தான் தெரியும். வராத வீட்டின் துயரம் எந்த ஏட்டிலும் ஏறாது; ஏட்டில் ஏறாத துயரத்தைத் தீர்க்க எந்தச் சர்க்காரும் தானாக முன்வந்ததில்லை.